பூட்டிய வீட்டின் ஐந்தொகை

ஐப்பசி பிறந்து முதல் மழை விழுந்தால் எங்கள் அப்பத்தா வளவுக்குள் யாரையும் பாத்திரம் வைக்க விடமாட்டார். அது ஓடு கழுவுகிற மழை. காக்கை எச்சம், வேப்பஞ்சருகு, கோடைப் புழுதி எல்லாம் அதோடு போய்விட வேண்டும். இரண்டாவது மழைக்குத்தான் பித்தளை அண்டாக்கள் முற்றத்தில் இறங்கும். வாய்க்கு வெள்ளைத் துணி கட்டியிருக்கும். வளவை நோக்கிச் சரிந்த கூரைகளில் விழுந்ததெல்லாம் மூலைத் தகரக் குழாய் வழியே அண்டாவுக்கு வந்து சேரும். மிஞ்சியது சாலகம் வழியாகத் தெருவுக்கும், தெருவோரக் கால்வாய் வழியாக ஊருணிக்கும் போகும். அந்தத் தண்ணீரில் துவரம்பருப்பு எப்படிக் குழைந்து வேகும் என்பதை அப்பத்தா சொல்லிக் கேட்க வேண்டும். ஏதோ பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வது போலச் சொல்வார்.

ஒரு மாதம் வெளியிலிருந்து எதுவும் வராமல் போனால் செட்டிநாடு தாங்குமா? இந்தக் கேள்வியோடு காரைக்குடி, கானாடுகாத்தான், குன்றக்குடிப் பக்கம் திரிந்தபோது அப்பத்தாவின் அண்டாதான் முதலில் நினைவுக்கு வந்தது. லாரி இல்லை, மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை, ஏடிஎம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நடக்காத கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், உள்நாட்டுக்குள் புகுந்து புதுக்கோட்டையைச் சாய்த்துவிட்டுத் திண்டுக்கல் மலை வரை போனது. 2020 மார்ச் 25 அன்று நாடே கதவைச் சாத்தியது. இரண்டையும் பார்த்த தலைமுறைதான் நாம்.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் கொண்டுவிற்கப் போன இடங்களிலிருந்து ஏஜெண்டுகள் முதலாளிக்கு அனுப்பிய இருப்புக் கணக்குக்கு ஐந்தொகை என்று பெயர். ரங்கூன் கடையோ பினாங்குக் கடையோ, கையில் எவ்வளவு, வெளியில் எவ்வளவு, வராக்கடன் எவ்வளவு என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஊர் ஊராகப் போய்க் கணக்கு எடுத்தவர்கள் சொந்த ஊருக்கு அப்படியொன்று எழுதிப் பார்த்ததாகத் தெரியவில்லை. எழுதிப் பார்க்கலாம்.

மேட்டில் கட்டிய வீடு

இருப்பில் முதலில் வருவது வீடு. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில்தான் நகரத்தார் கடலைவிட்டு இவ்வளவு தள்ளி வந்து, தெருவைவிட ஓர் ஆள் உயரத்துக்கு மேடு கட்டி வீடு எடுத்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். வரலாறு அதற்கு எத்தனை மதிப்பெண் போடும் என்ற விசாரத்தில் நான் இறங்கவில்லை. ஆனால் ஒரு சமூகம் தன் வீட்டுக்குப் பேரிடரைக் காரணமாகச் சொல்கிறது என்பதே கவனிக்க வேண்டிய விஷயம்.

ஒரு காலத்தில் 96 ஊர்கள். இன்று எழுபத்துச் சொச்சம். சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் பிரிந்து கிடக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு இடம்பிடித்தபோது எல்லோரும் பர்மாத் தேக்கையும் ஆத்தங்குடிக் கல்லையும் முட்டைவெள்ளைப் பூச்சையும் பேசினார்கள். நான் பேச விரும்புவது அந்த வீட்டின் சாமான் அறையைப் பற்றி. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் வீட்டில் வந்தவருக்குக் காட்டுவது முன்பாதி. வீட்டைத் தாங்கியது பின்பாதி. நெல், புளி, மிளகாய், உப்புக் கண்டம், வற்றல், வடகம், ஊறுகாய்ச் சாடி எல்லாம் அங்கேதான். கிணறு அங்கே. ஆட்டுக்கல், உரல் அங்கே. திருமணச் சீராக வந்த பாத்திரங்களை எடுத்துப் பரப்பினால் ஓர் ஊருக்கே சமைக்கலாம். 

இன்னொன்றும் உண்டு: வேறு வைத்தல். மகனுக்குத் திருமணமாகிக் கொஞ்ச காலம் போனதும், அதே கூரைக்குள் அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு, ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பணம் என்று ஒதுக்கிவிடுவார்கள். புது மருமகள் அந்த அளவுக்குள் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். பேரிடர் மேலாண்மைப் பயிற்சி என்று இன்று சான்றிதழ் கொடுத்து நடத்துவதை அன்று மாமியார்கள் சம்பளமில்லாமல் நடத்தினார்கள்.

1927 செப்டம்பரில் செட்டிநாட்டுக்கு வந்த காந்திக்கு இந்த வீடுகள் பிடிக்கவில்லை. வெளிநாட்டு நாற்காலிகளும் கண்ணாடிகளும் மூச்சுமுட்ட அடைத்திருப்பதைப் பார்த்து, அலங்கரிக்கும் வேலையைத் தன்னிடம் விட்டால் பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட வசதியாகவும் காற்றோட்டமாகவும் செய்து தருவதாகக் கிண்டலடித்தார். முகப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. மூன்றாம் கட்டைக் காட்டியிருந்தால் கொஞ்சம் இளகியிருப்பார் என்று தோன்றுகிறது.

தண்ணீர்: வரவுப் பக்கம்

இந்த மண் செம்மண். கொஞ்சம் தோண்டினால் செம்பூராங்கல். மழை ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர். அதில் பாதியை ஒட்டி வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்துவிடும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. அப்படியிருந்தும் தண்ணீரில் செட்டிநாட்டின் கணக்கு வரவுப் பக்கம்தான் நிற்கிறது.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஐயாயிரம் சதுர அடிக் கூரை ஏறத்தாழ 465 சதுர மீட்டர். செட்டிநாட்டு வீட்டுக்கு அது பெரிய அளவே இல்லை. 900 மில்லிமீட்டர் மழையில் அந்தக் கூரை வாங்குவது நாலு லட்சத்து 18 ஆயிரம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு சிந்திப் போனாலும் மூன்றே கால் லட்சத்துக்கு மேல் தேறும். நாலு பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் ஆண்டுக்கு வேண்டியது 7,300 லிட்டர். அரண்மனை வேண்டாம், அறுநூறு சதுர அடிக் காங்கிரீட் வீட்டின் மொட்டை மாடியே 40,000 லிட்டர் தரும். 2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஊர் முழுக்க நீலக் குழாய்கள் இறங்கின. பல வீடுகளில் அந்தக் குழாய் இப்போது எங்கே போய் முடிகிறது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

வீட்டுக்கு வெளியே ஊருணி. கண்மாய் பயிருக்கு, ஊருணி குடிக்க என்று பெயரிலேயே பாகம் பிரித்துவைத்த ஊர் இது. செம்பூராங்கல் படிக்கட்டு, வரத்துக்கால், தண்ணீர் தெளிந்து வர ஒரு மடை, மிஞ்சியது போக ஒரு கலிங்கு. கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது என்று காவலாளி வேறு. செலவுக்கு மகமை. வியாபாரத்தில் வந்த லாபத்திலிருந்து ஊருக்கென்று எடுத்துவைத்த பங்கு கோயிலுக்கும் ஊருணிக்கும் போயிற்று. இன்று பல ஊருணிகளில் படிக்கட்டு அப்படியே இருக்கிறது, வரத்துக்கால்தான் இல்லை. வீட்டுமனை, சிமெண்டுச் சாலை, கடைகள் என்று எதுவோ ஒன்று குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. மதுரை தானம் அறக்கட்டளை சிவகங்கை, ராமநாதபுரம் பகுதிகளில் ஊருணிகளைச் சீரமைத்தபோது செய்த வேலையில் பெரும்பகுதி தூர்வாருவதும் வரத்துக்கால் தேடுவதும்தான். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

காரைக்குடி நகரத்துக்குச் சம்பை ஊற்று என்று ஒரு வரம் உண்டு. அந்த நிலத்தடி நீரின் ருசியைச் சொல்லாத காரைக்குடிக்காரரை நான் பார்த்ததில்லை. ஆனால் அது தானாக வீட்டுக் குழாய்க்கு வந்து சேர்வதில்லை. மோட்டார் இழுக்க வேண்டும், மேல்நிலைத் தொட்டி ஏற வேண்டும். சுற்றுக் கிராமங்கள் பலவற்றுக்குத் திருச்சிப் பக்கமிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. அதற்கும் வழி நெடுக மின்சாரம் வேண்டும். புதுக்கோட்டையில் கஜாவுக்குப் பிறகு நடந்தது இதுதான். புயல் பாதித்த மாவட்டங்களில் லட்சத்துக்கு மேல் மின்கம்பங்கள் விழுந்தன. பூமிக்கடியில் தண்ணீர் இருந்தது. மேலே எடுக்க வழியில்லை. ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து ஊர் ஊராகத் தொட்டி ஏற்றினார்கள். கிராமங்களில் வாரக்கணக்கில் இருட்டு. காரைக்குடியிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் புதுக்கோட்டை மாவட்டம். அந்த ராத்திரி காற்று இன்னும் கொஞ்சம் தெற்கே நகர்ந்திருந்தால் சம்பை ஊற்றின் ருசியைப் பேசிக்கொண்டே தாகத்தில் கிடந்திருப்போம்.

மூன்றாம் கட்டில் ராட்டினத்தோடு இருந்த கிணறுகளைப் பலர் பலகை போட்டு மூடிவிட்டார்கள். சிலர் அதிலேயே செப்டிக் டேங்கைத் திறந்துவிட்டார்கள். இதற்கு மேல் இதைப் பற்றி எழுதினால் கோபம் வரும்.

அரிசி: பற்றுப் பக்கம்

இனி வலிக்கிற கணக்கு. செட்டிநாடு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொண்டதாக ஒரு நினைப்பு பலருக்கு இருக்கிறது. அந்தப் பந்தியையும் அந்த விருந்தையும் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். உண்மையில் இந்த வீடுகளை நிரப்பியது ஐராவதி டெல்டாவின் நெல். 1930-ல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஆறு சதவீதம் செட்டியார்கள் கையில் இருந்தது. பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவர்கள் நிலத்தைக் கொடுத்துத் தீர்க்க, 1937-38-ல் அது கால்பங்கானது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் கண்ணில் இவர்கள் எப்படித் தெரிந்திருப்பார்கள் என்பதைச் செட்டிநாட்டுப் பெருமை பேசும் புத்தகங்கள் விரித்துச் சொல்வதில்லை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான் ரங்கூன்மீது குண்டு போட்டது. 1942 மார்ச்சில் நகரம் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாக நடந்தே வந்தார்கள். வழியில் செத்தவர்கள் ஆயிரமாயிரம். பர்மா அரிசி நின்றது. மறு ஆண்டு வங்காளத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் மாண்டதற்கு அதுவும் ஒரு காரணம். செட்டிநாட்டுக்கு ஒரே நாளில் இரண்டு கதவுகள் அடைபட்டன: வருமானம் வந்த கதவு, அரிசி வந்த கதவு. வீடு கட்டுவது அதோடு நின்றது. சில ஊர்களில் பாதியில் நிற்கும் சுவர்களைப் பார்த்தால் எந்த வருடம் நின்றது என்று கேட்கத் தேவையில்லை.

அன்றைக்குப் பர்மா, இன்றைக்குத் தஞ்சாவூரும் ஆந்திராவும். அவ்வளவுதான் வித்தியாசம். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகரத்தில் 1,06,714 பேர். ஆளுக்கு மாதம் பத்துக் கிலோ அரிசி என்று வைத்தால் மாதம் 1,067 டன். நாளைக்கு 35 டன், அதாவது மூன்று நாலு லாரி. நகராட்சி 2024-ல் மாநகராட்சியாகி எல்லை விரிந்தபின் இன்னும் கூடும். சிவகங்கை மாவட்டத்தின் 13,39,101 பேருக்கும் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் டன். நல்ல மழை பெய்து கண்மாய் நிரம்பினால் ஒரு போகம் நெல் வீடு வரும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. அடுத்த ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்களாக அறிவித்தார்கள். அப்படி ஓர் ஆண்டில் இந்தச் செம்மண்ணிடம் சோறு கேட்பது நியாயமில்லை.

காவிரி – வைகை – குண்டாறு இணைப்பு வந்தால் எல்லாம் மாறும் என்கிறார்கள். 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் குன்னத்தூரில் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய், 14,400 கோடி ரூபாய்த் திட்டம். வரட்டும், நல்லது. ஆனால் காவிரியில் வெள்ளம் வரும் ஆண்டில்தான் அந்தக் கால்வாயில் தண்ணீர் வரும். நமக்கு வேண்டியதோ காவிரி காயும் ஆண்டுக்கான ஏற்பாடு.

அதற்குப் பழைய விடை கையருகே இருக்கிறது. வரகும் குதிரைவாலியும் இந்த மண்ணுக்குப் பழக்கப்பட்டவை. நெல் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி போதும், வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். செட்டிநாட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பக்கத்திலேயே அரசின் பெரிய கால்நடைப் பண்ணை. அதற்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பயன்பாடின்றிக் கிடக்கிறது. சாலைகள் துண்டாகும் நாளுக்கு அதை நினைத்துப் பார்க்கலாம். காட்டு நிலங்களிலோ தைலமரம்; மற்ற இடத்தில் சீமைக் கருவேலம். சீமைக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இருந்தாலும், நாம் எரிக்கும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது என்பதால், சிலிண்டர் வராத மாதத்தில் அந்த முள்மரமும் அதைக் கரிமூட்டம் போடத் தெரிந்தவர்களும்தான் அடுப்பைக் காப்பாற்றுவார்கள். அதுவரை கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக, தன்னிறைவு என்ற சொல்லைச் செட்டிநாடு சோற்று விஷயத்தில் சொல்ல முடியாது. அன்றும் முடியாது, இன்றும் முடியாது. இந்த ஊருக்குத் தெரிந்த வித்தை வேறு: இருப்பு வைப்பது.

குன்றக்குடியில் எடுத்த கணக்கு

கிராமத்தைக் கணக்கெடுத்து அதன் பலத்தைச் சொல்லும் வேலையை நம் பக்கத்து ஆள் ஒருவர் முன்பே செய்துகாட்டியிருக்கிறார். தஞ்சையில் பிறந்த ஜே.சி.குமரப்பா காந்தியின் யோசனைப்படி குஜராத்தின் மாதர் தாலுகாவில் மாணவர்களோடு வீடு வீடாகப் போய்ப் பொருளாதார ஆய்வு நடத்தினார். 1931-ல் அறிக்கை வந்தது. இருப்பது என்ன, போவது என்ன என்று தெரியாமல் கிராமத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அவர் கட்சி.

காரைக்குடிக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டரில் குன்றக்குடி. அங்கே ஆதீனத்தின் தலைவராக இருந்த குன்றக்குடி அடிகளார் (1925 – 1995) மடத்துக்குள் உட்கார்ந்து அருள்வாக்குச் சொல்லும் ரகம் இல்லை. ஊருக்கென்று கிராமத் திட்டக் குழு ஒன்றை அமைத்தார். ஊரில் இருக்கும் நிலம், தண்ணீர், கால்நடை, கை வேலை தெரிந்த ஆள் என்று இருப்பைப் பார்த்து அதிலிருந்து திட்டம் போடுவது அவர் வழி. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியின் விஞ்ஞானிகளைக் கிராமத்துக்கு வரவழைத்தார். சிறு தொழில்கள் தொடங்கின. மத்தியத் திட்டக் குழுவினர் தில்லியிலிருந்து வந்து பார்த்துவிட்டு அதற்குக் ‘குன்றக்குடி மாதிரி’ என்று பெயர் வைத்தார்கள். ஒரு சைவ மடாதிபதியும் மின்வேதியியலாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து கிராமத்தின் வரவு செலவைப் பார்த்தது வேறெங்காவது நடந்திருக்கிறதா என்று யோசிக்கிறேன்.

அந்தச் சிக்ரிக்கும் ஒரு கதை உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம் என்றால் நாட்டிலேயே இங்கேதான் வந்து கேட்க வேண்டும். 2018-ல் லித்தியம் அயனி மின்கலத் தொழில்நுட்பத்தைச் சிக்ரி ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்தது; தொழிற்சாலைக்கென்று சொல்லப்பட்ட இடம் கிருஷ்ணகிரி மாவட்டம். மின்கலத்துக்கு வேண்டிய கிராஃபைட் சிவகங்கையில், அரசின் டாமின் சுரங்கத்தில் கிடைக்கிறது. கிராஃபைட் இங்கே, அறிவு இங்கே, வெயிலுக்கும் பஞ்சமில்லை.

ஊரில் இப்போது மொட்டை மாடிகளில் சூரியத்தகடு பெருகி வருகிறது. பலர் கவனிக்காத ஒன்று: மின்வாரியக் கம்பியோடு இணைத்து, மின்கலம் இல்லாமல் வைத்த தகடு, லைன் போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிரைக் காக்கச் செய்த ஏற்பாடு அது. ஆக, புயலடித்த மறுநாள் வெயில் சுள்ளென்று காயும். கூரை நிறையத் தகடு இருக்கும். செல்போன்கூட சார்ஜ் ஏறாது. தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றும் மோட்டாருக்கு மட்டுமாவது, ஊருக்கு ஒன்று என்று, மின்கலத்தோடு கூடிய தகடு இருந்தால் கஜா மாதிரி நாட்களில் ஜெனரேட்டர் தேடி அலைய வேண்டாம். அதைச் சொல்லித்தர ஆள் வேண்டுமென்றால் காரைக்குடியில் டவுன் பஸ் ஏறினால் போதும்.

ஜாம் போத்தல் விளக்கு

எதுவுமே வராத நிலைமையைத் தமிழரில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ்ந்தே பார்த்திருக்கிறார்கள். இலங்கைப் போரின்போது 1990-ல் தொடங்கிய பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை, பெட்ரோல் இல்லை, மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலில் துளி எண்ணெய் விட்டு மெல்லிய திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு மிதித்து டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். சில சொட்டுப் பெட்ரோலில் இயந்திரத்தை உசுப்பி மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிளை ஓட்டினார்கள். வீட்டுக்கு வீடு கிணறு இருந்தது, பனை இருந்தது. அந்த வாழ்க்கையை வீரக்கதையாக்கிப் பேசுவது இங்கே சிலருக்கு வசதியாக இருக்கிறது. மருந்தில்லாமல் போன உயிர்கள் எந்தப் போத்தல் விளக்காலும் திரும்பவில்லை.

அதனால் மருந்தும் ஐந்தொகையில் வர வேண்டும். சிவகங்கையில் 2012-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால் செட்டிநாட்டு ஊர்களில் இன்று யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகள் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா. முப்பது அறை வீட்டில் எழுபத்தைந்து வயது ஆச்சி ஒருவர், சமையலுக்கு ஒரு பெண். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை பதினைந்து நாளைக்கு ஒருமுறை கடையில் வாங்குவது. இன்சுலினுக்குக் குளிர்பெட்டி வேண்டும், குளிர்பெட்டிக்கு மின்சாரம் வேண்டும். 1077 என்ற மாவட்டப் பேரிடர் எண்ணை அழைத்தால் அந்த முனையில் இருப்பவருக்கு, எந்தத் தெருவில் எந்தப் பூட்டிய வீட்டின் பின்கட்டில் இந்த ஆச்சி இருக்கிறார் என்பது எப்படித் தெரியும்?

புள்ளி

தெரிந்துகொள்ள ஒரு வழி இந்த ஊரிலேயே இருக்கிறது. நகரத்தாரில் திருமணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி. ஒன்பது நகரக் கோயில்களில் தங்கள் கோயிலில் பதிந்துகொள்ள வேண்டும். துணையை இழந்தவர் அரைப்புள்ளி. பிள்ளையார்பட்டியோ இளையாற்றங்குடியோ, எத்தனை புள்ளி என்று கேட்டால் கணக்கு இருக்கும். யார் எங்கே இருக்கிறார், யார் தனியே இருக்கிறார் என்பதை அரசாங்கத்துக்கு முன்பே எழுதிவைத்த முறை. பேரிடரில் ஆளைக் காப்பாற்றுவது முதலில் இப்படிப்பட்ட பட்டியல்தான். படகும் ஹெலிகாப்டரும் அதற்குப் பிறகு.

ஆனால் அந்த ஏட்டில் ஊரில் பாதிக்கு மேற்பட்டவர் பெயரே கிடையாது. வீட்டைக் கட்டிய கொத்தனார், ஊருணியை வெட்டியவர், காவல் இருந்தவர், கண்மாய்க்குக் கீழே உழுதவர் யாரும் புள்ளி இல்லை. சிவகங்கை அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் எழுதிவைத்திருக்கிறார்: 1930 டிசம்பரில் அந்த மாவட்டத்தின் ஆதிக்க சாதியார் ஒடுக்கப்பட்டோர்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள், மறு ஆண்டு அது பதினொன்றானது. தண்ணீர் எடுக்க மண் குடம்தான், செம்போ பித்தளையோ கூடாது என்பது அதில் ஒன்று. ஒரு பக்கம் வளவு நிறையப் பித்தளை அண்டா. சில மைல் தள்ளி, பித்தளைக் குடம் தொட்டால் அடி. செட்டிநாட்டின் முன்னேற்பாட்டைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொண்டை அடைக்கும் இடம் இது. வறட்சியும் புயலும் வந்த ஆண்டுகளில் யாரிடம் இருப்பு இருந்தது, யாரிடம் இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக ஒரு புள்ளி ஏடு போட்டால், அது ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். சாதி பார்க்காமல் எல்லா அடுப்புக்கும் ஒரு புள்ளி. அதில் நான்கே பத்தி போதும்: தனியே இருப்பவர் யார், அன்றாடம் மருந்து வேண்டியவர் யார், வீட்டில் ராட்டினக் கிணறோ தொட்டியோ உண்டா, பூட்டிய வீடானால் சாவி யாரிடம். கடைசிப் பத்தியை நிரப்புவதுதான் கஷ்டம். ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள். ஓடு மாற்றவே எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் டெக்சாஸில், ஒருவர் கோலாலம்பூரில், இருவர் பேசிக்கொள்வதில்லை. ஓடு சரிந்து, மழை உள்ளே இறங்கி, தேக்கு உளுத்து, ஒருநாள் வீட்டைப் பிரித்து விற்கிறார்கள். புயலுக்கு ஒதுங்க மேடான, காற்றோட்டமான, கிணறோடு கூடிய ஆயிரக்கணக்கான கட்டடங்களை முன்னோர் கட்டிவைத்திருக்க, நாம் பள்ளிக்கூட வராந்தாவைத் தேடுகிறோம்.

திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் அந்த வீடுகள் திறக்கின்றன. பேரிடர் நாளில் முகப்பும் கிணறும் மட்டும் திறக்கலாம் என்று பங்காளிகள் ஒரு தாளில் எழுதிக் காவல்காரரிடம் கொடுத்துவைத்தால் செலவு ஒன்றுமில்லை. முப்பது நாளைக்கு அரிசி, மழைத் தொட்டியில் தண்ணீர், மாத்திரை இருப்பு, ஒரு ஏடு, ஒரு சாவி. என் கணக்கில் செட்டிநாட்டால் முடிவது இது. முப்பத்தொன்றாம் நாள் லாரி வந்தாக வேண்டும்.

திரும்பும் வழியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் இறங்கினேன். பிரித்த வீடுகளின் சாமான்கள் அங்கேதான் விலைக்கு வரும்: கதவு, தூண், பீங்கான் சாடி, ரவிவர்மா படம். ஒரு கடை வாசலில் அண்டா ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அப்பத்தாவுடையது மாதிரியே விளிம்பு மடித்த, நாலு பேர் தூக்க வேண்டிய அண்டா. நிமிர்த்திப் பார்த்து, அடியில் ஓட்டை கீட்டை உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் சிரித்தார்.

“ஓட்டல்காரங்க பூ மிதக்கவிட வாங்கிட்டுப் போறாங்க சார். நீங்க என்ன, தண்ணி பிடிச்சா வைக்கப் போறீங்க?”